ஆத்துப் படி கிளாஸ் நல்லம், குடுத்த சாய்வு மீட்டர் தான் சரியில்ல

தலவாக்கலையில போன மாசம் நடந்த ரெண்டு நாள் கிளாஸ் பத்தி எழுதுறேன், 6,500 ரூபா, டேப்பும் சாய்வு பாக்குற மீட்டரும் அதுக்குள்ளயே அடக்கம். நான் ஏ.எல் புள்ளைகளுக்கு புவியியல் டியூஷன் குடுக்கிறவன், ஆத்துப் படிய, அதாவது ஆத்தோரம் படி மாதிரி ஒசந்து நிக்கிற பழைய ஆத்துத் தரைய வச்சு, மண்ணுக்கடியில பிளவு, அதாவது பாறை ஒடஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு நகருற எடம், எந்த வடிவத்துல இருக்குன்னு சொல்லலாம்னு நோட்டீஸ்ல பாத்ததும் சும்மா கத விடுறாங்கன்னு தான் நெனச்சேன்.

மொத நாள் முழுக்க நேபாளம். பாக்மதி ஆறு இமயமலை அடிவாரத்து சிவாலிக் மலைய வெட்டிக்கிட்டு எறங்குற எடத்துல பழைய ஆத்துத் தரை எல்லாம் இப்ப ஓடுற தண்ணிக்கு மேல படி படியா ஒசந்து நிக்குதாம், அதுல கெடைக்கிற கரித்துண்டுக்கு கார்பன் பாத்து வயசு எடுத்து, எத்தன வருஷத்துல எவ்வளவு ஒசந்திருக்குன்னு கணக்குப் போடுறாங்க, பிளவு 30 பாகைல சரிஞ்சிருந்தா ஒசந்தத மாதிரி ரெண்டு மடங்கு பாறை நகந்திருக்கு. அங்க வருஷத்துக்கு சுமார் 2 சென்டிமீட்டர் நகருது.

எனக்குப் புடிச்சது பகல் சாப்பாட்டுக்கு முந்தி கிளாஸ் எடுத்த சேர் காட்டின வெளையாட்டு. ஒரு பலகைய சரிச்சு வச்சு அழிறப்பர மேல தள்ளினார், அது நிமிரவும் இல்ல சாயவும் இல்ல, அப்பிடியே ஏறிச்சு. அடுத்து கேன்டீன் அக்காகிட்ட தாச்சி ஒண்ணு வாங்கி அதே அழிறப்பர உள்பக்கமா மேல தள்ளினார், ஏற ஏற மூக்கு மேல தூக்கி பின்னால சாஞ்சிச்சு. அவ்வளவு தாங்க விஷயம். படி சாயாம ஒசந்திருந்தா அடியில பிளவு நேரா இருக்கு, பின்னால சாஞ்சிருந்தா தாச்சி மாதிரி வளைஞ்சிருக்கு, பழைய படி கூட நாள் நகந்ததால கூட சாஞ்சிருக்கும். பத்து வருஷமா படிப்பிக்கிறேன், இப்பிடி ஒரு தாச்சி எனக்குத் தோணல.

ரெண்டாம் நாள் ஆத்தோரம். நம்ம மலைநாட்டுல இமயமலைல மாதிரி இன்னும் நகருற பிளவு கெடையாது, இது பழங்காலத்துப் பாறை, அதனால இங்க பிளவ தேட வேணாம் அளக்க மட்டும் பழகுங்கன்னு சேர் மொதல்லயே சொல்லிட்டார், அந்த நேர்மை புடிச்சிச்சு. ஆனா அளக்கப் போனா மீட்டர் சதி பண்ணிடிச்சு. மரக்கறித் தோட்டத்து வரம்புல நின்னு மேல பாத்து அளந்தா 5 பாகை, மேல போயி அதே கோட்ட கீழ பாத்து அளந்தா 1 பாகை. அப்ப உண்மை 3, மீட்டர்ல 2 பாகை பிழை. ரெண்டு தானேன்னு நெனைக்காதீங்க, 100 மீட்டர்ல மூணரை மீட்டர் ஒசரம் மாறும். பிளவு வழியா 50 மீட்டர் நகந்த ஒரு படி 1 பாகை சாஞ்சிருந்தா அந்தத் தாச்சியோட ஆரம் கிட்டத்தட்ட 2.9 கிலோமீட்டர், அதையே 3 பாகைன்னு எழுதினா 1 கிலோமீட்டர் கூட வராது! பிளவு எவ்வளவு ஆழத்துல கெடக்குன்ற பதிலே தலைகீழாயிடும்.

கடைசியில எங்களக் காப்பாத்தினது கூட வந்த மேசன் பாஸ் ஒருத்தர். சைக்கிள்ல கட்டியிருந்த ட்யூப்புல தண்ணிய ஊத்தி ரெண்டு நுனியையும் புடிச்சு, வீட்டுக்கு அத்திவாரம் போடுற மாதிரியே மட்டம் பாத்து முடிச்சிட்டார், அதுல வந்த கணக்கு தான் எல்லாருக்கும் ஒத்துப் போச்சு.

மீட்டர மாத்தித் தாங்கன்னு ரெண்டு தடவ மெசேஜ் போட்டேன், நீல டிக் மட்டும் வந்திச்சு. கிளாஸுக்கு 5க்கு 4, சாமானுக்கு 1. அடுத்த பேட்சுக்குப் போறவங்க பத்து மீட்டர் தெளிவான ட்யூப்பும், காலுல பூச சவர்க்காரக் கட்டி ஒண்ணும் எடுத்துட்டுப் போங்க, ஆத்தோரம் முழுக்க அட்டை.