பழைய லேப்டாப்பில் எம்.பி.சி-எச்.சி, லாவ் ஃபில்டர்கள்: பல வருட அனுபவம்

இலங்கை மலையகத்துத் தலவாக்கலையில் எங்கள் வீட்டில் இருப்பது இன்டெல் இரண்டாம் தலைமுறை ஐ3 லேப்டாப். 2011இல் வந்த சிப். இதில் படம் பார்க்கப் பல வருடங்களாக எம்.பி.சி-எச்.சி என்ற விண்டோஸ் வீடியோ பிளேயர் மட்டும்தான் வைத்திருக்கிறேன். பல வகை வீடியோக்களை ஓட்டவென்று தனியாக இறக்கிப் போடும் கோடெக் பேக் எதுவும் போடவில்லை, உங்களுக்கும் வேண்டாம் என்றே சொல்வேன்.

வீடியோவைப் பிரித்து ஓட்டும் லாவ் ஃபில்டர்கள் இந்தப் பிளேயருக்குள்ளேயே இருக்கின்றன. அதற்கு மேல் பேக் வேறு போட்டால், ஒரே வேலைக்கு இரண்டு மூன்று டிகோடர்கள் (சுருக்கி வைத்த வீடியோவை விரித்துக் காட்டும் மென்பொருள்கள்) சேர்ந்துவிடும். விண்டோஸின் வீடியோ அமைப்பான டைரக்ட்ஷோ பயன்படுத்தும் மற்றப் பிளேயர்கள், எந்த ஃபில்டருக்கு மெரிட் என்ற முன்னுரிமை எண் அதிகமோ அதைத்தான் முதலில் எடுக்கும். படம் பச்சையாகத் தெரிந்தால் குற்றவாளியைத் தேடியே பொழுது போய்விடும். ஒன்று கவனியுங்கள்: எம்.பி.சி-எச்.சியின் பழைய குழு 2017இல் வேலையை நிறுத்திவிட்டது. வேறொருவர் தொடர்ந்து வெளியிடும் புதிய பதிப்பையே இறக்க வேண்டும்.

இதை நான் விடாமல் வைத்திருப்பதற்கு முக்கியக் காரணம் எங்கள் தோட்டத்துப் பழைய டிவிடிகள். கல்யாணம், தேர், மாசி மாதக் காமன் கூத்து எல்லாம் அந்தக் காலக் கேமராவில் எடுத்தவை. அவை இன்டர்லேஸ்டு வீடியோ: செக்கனுக்கு 25 ஃபிரேம், ஒவ்வொன்றிலும் ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தையும் இரட்டைப்படை வரிகள் அடுத்த கணத்தையும் காட்டும். அப்படியே ஓட்டினால், ரதியும் மன்மதனும் சுழன்று ஆடும்போது கை கால் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரிக் கிழிந்து தெரியும்.

ஆப்ஷன்ஸில் இன்டர்னல் ஃபில்டர்ஸ் போய், வீடியோ டிகோடரைத் திறந்து, இந்தக் கிழிசலை நீக்கும் சாஃப்ட்வேர் டீஇன்டர்லேசிங்கில் யாடிஃப் என்ற முறை, அவுட்புட்டில் 50பி/60பி என்று வையுங்கள். பாதி பாதியாக இருந்த 50 கணங்களும் தனித்தனி முழுப் படங்களாகிவிடும். ஆட்டத்தின் வேகம் அப்படியே திரும்பி வரும். என் கண்ணுக்கு இந்த ஒரு மாற்றம் வேறு எந்த ஃபில்டரும் தராத பலனைத் தந்தது. சில டிவிடிகளில் இன்டர்லேஸ்டு என்ற குறிப்பு தவறாகப் பதிந்திருக்கும். அவற்றுக்கு மட்டும் மோடை ஃபோர்ஸில் போட்டுப் பாருங்கள். பிறகு மறக்காமல் ஆட்டோவுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் சாதாரணப் படங்களின் நுணுக்கம் மங்கும். தீப்பந்த வெளிச்சத்தில் எடுத்த காட்சிகளில் புள்ளி புள்ளியாக இரைச்சல் இருக்கும். அதைக் குறைக்கும் ஃபில்டர்கள் உண்டு, ஆனால் முகத்தில் பூசிய வர்ணத்தையும் சேர்த்து மழுக்கிவிடுவதால் நான் போடுவதில்லை.

அடுத்தது ஹார்ட்வேர் டிகோடிங். பரவலாக உள்ள எச்.264 முறையில் சுருக்கிய வீடியோவை இந்தச் சிப்பில் அதற்கென்றே உள்ள பகுதி ஓட்டும், விசிறிச் சத்தம் கேட்காது. அதே எச்.264 10-பிட் (நிறங்களை இன்னும் நுணுக்கமாகப் பதிவது) என்றால் அந்தப் பகுதியால் முடியாது, சிபியுதான் சுமக்க வேண்டும். அதற்குப் பின் வந்த, இன்னும் சிறிதாகச் சுருக்கும் எச்.265க்கும் அதே கதி. 720பி ஓடும். 1080பி 10-பிட்டில் சண்டைக்காட்சி வந்தால் சத்தம் முன்னே போக, படம் நின்று நின்று வரும். ஆனாலும் எச்.265 ஃபைல் சிறியது, எங்களுக்கு டேட்டா காசு பெரிய விஷயம். அதனால் எச்.265இல் 720பி எடுக்கிறேன்.

சத்தத்துக்கு வருவோம். தகரத்தில் மழை அடிக்கும்போது, "தம்பி, பேசுறது ஒண்ணும் வெளங்கல" என்பார் அம்மா. ஆறு சேனல்களில் பதிந்த 5.1 சத்தத்தில் வசனம் பெரும்பாலும் நடு சேனலில் வரும். லாவ் ஆடியோவில் மிக்சிங்கை ஸ்டீரியோவுக்கு வைத்து, சென்டர் அளவைக் கூட்டியதும் வசனம் தெளிவாகக் கேட்டது.

செகண்ட் ஹேண்ட் லேப்டாப் தேடுகிறவர்கள் வாங்குமுன் தலைமுறையைப் பாருங்கள். இன்டெலில் எச்.265 10-பிட்டை ஹார்ட்வேரிலேயே ஓட்ட ஏழாம் தலைமுறையாவது வேண்டும், ஏவி1 என்ற இன்னும் புதிய வீடியோ முறைக்குப் பதினொன்றாவது.