ஞாயிற்றுக்கிழமை இலவச கிளினிக்: அப்பாவின் சர்க்கரையும் எங்கள் அனுபவமும்

மதுரையில் எங்கள் வார்டில், ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஞாயிறு காலையில் இலவச கிளினிக் நடக்கிறது. ஓய்வுபெற்ற டாக்டர்கள் சிலர், ஒரு நர்ஸ், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பார்மசிஸ்ட், டோக்கன் போட்டு பெயர் எழுத கல்லூரிப் பிள்ளைகள். யாருக்கும் சம்பளம் கிடையாது. அப்பாவுக்குச் சர்க்கரையும் பி.பி.யும் உண்டு. கீழமாசி வீதிப் பக்கம் மூட்டை தூக்குகிறார். சில வருடங்களாக அவரை இங்கேதான் காட்டுகிறோம். "இலவசம்னா சும்மா மாத்திரை கொடுத்து அனுப்பிடுவாங்களே" என்று தயங்குகிற குடும்பங்கள் நிறைய இருப்பதால், எங்களுக்கு அங்கே என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று விவரமாகவே எழுதுகிறேன்.

பெரியாஸ்பத்திரி (மதுரை அரசு மருத்துவமனை) இருக்கும்போது இது எதற்கு என்று முதலில் நாங்களும் நினைத்தோம். அங்கே வைத்தியம் நல்ல வைத்தியம்தான், காசும் கேட்பதில்லை. ஆனால் சர்க்கரை ஓ.பி. காலை நேரத்தில். சீட்டு வாங்கி, ரத்தம் கொடுத்து, டாக்டரைப் பார்த்து, மாத்திரைக்கு வரிசையில் நின்று வெளியே வந்தால் மதியம். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு அன்றைய வருமானம் போச்சு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் வீட்டில் இருக்கிறது. அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து வைத்தியம் பார்ப்பதற்கு உதவும். மாதாமாதம் வாங்க வேண்டிய மாத்திரைக்கு உதவாது. சர்க்கரை நோய் குடும்பத்தைக் கரைப்பது இந்த மாதாந்திரச் செலவில்தான். அதனால் அப்பா செய்தது, கூலித் தொழிலாளர்கள் பலர் செய்வதுதான்: உடம்பு நன்றாக இருக்கிற மாதம் மாத்திரையை நிறுத்திவிடுவார்.

கிளினிக்கில் எங்களுக்குக் கிடைத்த பெரிய லாபம் மாத்திரை இல்லை, நேரம்.

அப்பாவுக்கு வேலையிடத்தில் அடிக்கடி மயக்கம் வரும். காலை ஒன்பது மணி வாக்கில் உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கும். பசி மயக்கம் என்று டீ குடித்துச் சமாளிப்பார். முன்பு காட்டிய ஒரு தனியார் மருத்துவமனையில் இதைச் சொன்னபோது சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். கிளினிக்கில் இருந்த வயதான டாக்டரம்மா மாத்திரைச் சீட்டைப் பார்க்குமுன் கேட்ட முதல் கேள்வி, "காலைல எத்தன மணிக்குப்பா சாப்பிடுவ?" அப்பா, "பத்து பத்தரை ஆயிரும்மா. லோடு இறக்குன பெறகுதான்" என்றார். "மாத்திரை?" "அஞ்சரைக்கு, டீயோட."

விஷயம் அதுதான். அவர் போட்டுக்கொண்டிருந்த மாத்திரைகளில் ஒன்று கிளிமிபிரைடு. அது சர்க்கரையை வேகமாக இறக்கும். போட்ட கையோடு சாப்பிட வேண்டும். 'காலையில் ஒன்று' என்று சீட்டில் இருந்ததை அப்படியே பிடித்துக்கொண்டு, வெறும் வயிற்றில் போட்டு நாலைந்து மணி நேரம் மூட்டை தூக்கியிருக்கிறார். டாக்டரம்மா அதை டிபனுக்குச் சற்று முன் என்று மாற்றினார். மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரையை டிபனுக்குப் பிறகு போடச் சொன்னார். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கட்டும் என்றார். மயக்கம் நின்றது. மாத்திரையைக் கண்டு பயப்படுவதும் நின்றது. புதிதாக ஒரு மாத்திரைகூட எழுதவில்லை. கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்டார், அவ்வளவுதான். கூட்டம் நெரிகிற ஓ.பி.யில் எந்த நல்ல டாக்டருக்கும் அந்தக் கால் மணி நேரம் கிடைக்காது.

அடுத்தது நோட்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு, சர்க்கரை அளவு, பி.பி., எடை, அடுத்து வர வேண்டிய தேதி என்று எழுதுகிறார்கள். வராவிட்டால் அந்த வாரமே ஒரு பிள்ளை போன் செய்து கேட்கும். மருந்து கொடுக்கும் கவரில் பார்மசிஸ்ட் காலைக்குச் சூரியனும் ராத்திரிக்கு நிலாவும் வரைந்து, சாப்பாட்டுக்கு முன் என்றால் காலித் தட்டும் பின் என்றால் சோறு வைத்த தட்டும் போடுகிறார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற அப்பாவுக்கு இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை. சில மாதத்துக்கு ஒருமுறை செருப்பைக் கழற்றச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள். கட்டைவிரல் பக்கம் அப்பாவுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து தினமும் ராத்திரி அம்மா அவர் பாதத்தைப் புரட்டிப் பார்க்கிறார். ஆணி குத்தினால்கூட உறைக்காத காலில்தான் புண் புரையோடும் என்பதை அம்மாவுக்குப் புரியும்படி சொன்னது அந்த நர்ஸ்.

வருடத்துக்கு ஒருநாள் பேனர் கட்டி நடத்தும் முகாமோடு இதை ஒன்றாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. சர்க்கரை இருக்கிறது என்று சொல்லி, பதினைந்து நாள் மாத்திரை கொடுத்துவிட்டுப் போனால் பதினாறாம் நாள் என்ன செய்வது? முகாமைச் சரியாக நடத்துவது எப்படி என்பதற்கு எங்கள் ஊரிலேயே ஆள் இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்து முகாமில் கண்புரை கண்டவர்களை பஸ்ஸில் கூட்டிவந்து, அறுவை செய்து, சாப்பாடு போட்டு, திரும்ப ஊரில் கொண்டுவிட்டு, பிறகும் போய்ப் பார்க்கிற வழக்கத்தை உண்டாக்கியது. கண்டுபிடித்ததோடு கைவிடாமல் கடைசிவரை கூட வருவது. எங்கள் கிளினிக்கில் அதை வாராவாரம் சின்ன அளவில் செய்கிறார்கள்.

குறைகளும் உண்டு. லேப் கிடையாது. விரலில் குத்திப் பார்ப்பதோடு சரி. மூன்று மாத சர்க்கரைக்கு எச்.பி.ஏ.1சி. பார்க்க வெளியே காசு கொடுக்க வேண்டும், இல்லை பெரியாஸ்பத்திரிக்கே போக வேண்டும். மருந்து நன்கொடையாக வருவதால் ஒவ்வொரு மாதம் ஒவ்வொரு கம்பெனி. போன மாதம் வெள்ளையாக இருந்த மாத்திரை இந்த மாதம் மஞ்சளாக வரும்; வேறு மாத்திரை என்று நினைத்து இரண்டையும் சேர்த்துப் போட்டவர்கள் உண்டு. தீபாவளி, பொங்கல் வந்தால் பூட்டுதான். டாக்டரம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தபோது பல வாரம் பெண் டாக்டரே இல்லை. அம்மா தன் தொந்தரவைச் சொல்லாமலே திரும்பினார். சம்பளம் வாங்காதவர்களிடம் ஏன் வரவில்லை என்று கேட்க முடியாது. நம்பியிருக்கிற நோயாளிக்கு இது சின்னக் கஷ்டம் இல்லை.

2021 ஆகஸ்டில் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கிய பிறகு கிளினிக்கின் வேலையும் மாறியது. சர்க்கரை, பி.பி. மாத்திரை வீடு தேடி வருவதால், யாருக்கெல்லாம் அதில் பெயர் இல்லையோ அவர்களைப் பதியச் சொல்லி அனுப்புகிறார்கள். மாத்திரை அங்கே வாங்கிக்கொண்டு, நோட்டோடு ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து பேசலாம். அப்பா இப்போது அப்படித்தான் செய்கிறார். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள் என்பதுதான் என் யோசனை.

போகிறவர்கள் பழைய சீட்டு, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வேலை நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் இழுப்பது என்றால் ஞாயிறு வரை காத்திருக்கக் கூடாது, உடனே 108.

உதவ நினைக்கிறவர்களுக்கும் ஒன்று. வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள்; பிரித்துத் தேதி பார்க்கவே அவர்களுக்குப் பாதி நாள் போய்விடுகிறது. சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் எப்போதும் பற்றாக்குறை, அதை வாங்கிக் கொடுக்கலாம். பெண் டாக்டர் யாராவது மாதத்தில் ஒரு ஞாயிறு வர முடிந்தால் எங்கள் வார்டுப் பெண்களுக்குப் பேருதவி.