கிட்டார் கிளாம்ப் செட் வாங்கப் போய் 1,380 வெள்ளி போனது, இந்த ஆளிடம் யாரும் மாட்டாதீர்கள்

நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு, பசை காயும்வரை பலகையை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் செட்டை எனக்கு விற்றவனுடைய வாட்ஸ்அப் படம் என் போனிலிருந்து மறைந்துவிட்டது. பிளாக் செய்துவிட்டான். என் 1,380 வெள்ளி (ரிங்கிட்) அவனிடம் இருக்கிறது, பாழான ஒரு ஸ்ப்ரூஸ் மரப்பலகை என் மேசையில் இருக்கிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் நம் ஆட்கள் எல்லாரும் செய்வதுபோல "சரி போகட்டும், நம்ம நேரம்" என்று நானும் விட்டுவிடுவேன். அப்படி விடுவதால்தான் இவனைப் போன்றவர்கள் அடுத்த ஆளைத் தேடிப் போகிறார்கள்.

நான் இருப்பது மலேசியாவில் கெடா மாநிலத்துப் பாடாங் செராய். செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. மிச்ச நேரத்தில் வீட்டுப் பின்னால் சின்ன அறையில் கிட்டார் செய்கிறேன், ஏழு வருஷத்தில் பதினொன்று செய்திருக்கிறேன். இதுவரை கிட்டாரின் உடம்பான பெட்டியைப் பலகை ஒட்டி மூட நான் பயன்படுத்தியது பழைய சைக்கிள் டியூப்தான். டியூப்பை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, பசை தடவிய பலகையை வைத்து, உடம்பு முழுக்க இழுத்து இழுத்துச் சுற்ற வேண்டும். அதைக் குறைவாகச் சொல்லமாட்டேன். ஸ்பெயினில் பழைய காலத்துக்காரர்கள் வெறும் கயிற்றைச் சுற்றியே பெட்டியை மூடியிருக்கிறார்கள். ஆனால் ரப்பர் மூடிக்கொண்டால் இணைப்பு கண்ணுக்குத் தெரியாது, பிதுங்கி வரும் பசையைத் துடைக்க முடியாது, இடுப்பு வளைவில் ரப்பர் பலகையை அழுத்தாமல் அந்தரத்தில் தாண்டிப் போகும். அங்கேதான் எனக்கு எப்போதும் பயம்.

ஸ்பூல் கிளாம்ப் அப்படியில்லை. ஒரு நீளமான போல்ட், இரண்டு பக்கமும் நூல்கண்டு மாதிரி உருண்டைக் கட்டை, கட்டையின் முகத்தில் கார்க் அல்லது தோல், மேலே விரலால் திருகும் விங் நட், அவ்வளவுதான். பெட்டியைச் சுற்றி முப்பது வைத்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக விரலால் இறுக்கலாம், எங்கே பசை சீராக மணிமணியாக வருகிறது, எங்கே வரவில்லை என்று பார்த்துக்கொண்டே போகலாம். பலகையின் உள்பக்கம் தாங்கும் குச்சிகளான பிரேஸ்களை ஒட்டுவதற்கு கோ-பார். கீழே ஒரு பலகை, மேலே ஒரு பலகை, நடுவில் ஃபைபர் குச்சிகளை வில்லாக வளைத்துச் செருகினால் அவை நிமிரப் பார்க்கும் வேகத்தில் பிரேஸை அழுத்திப் பிடிக்கும். அடியில் குழிவான ரேடியஸ் டிஷ் வைத்தால் மேற்பலகைக்கு அந்த லேசான வளைவு வரும். இது மூன்றும் சேர்ந்த செட் வேண்டும் என்று இரண்டு வருஷமாக ஆசை. ஓவர்டைம் செய்து சேர்த்த காசு அந்த 1,380 வெள்ளி.

ஆளைப் பிடித்தது எல்லார் போனிலும் இருக்கும் ஓர் ஆன்லைன் சந்தையில். அங்கே செட் விலை 1,560. கேள்வி கேட்டதும் தன் வாட்ஸ்அப் நம்பரைப் படமாக அனுப்பினான். "அண்ணே, இவங்க கமிஷன் பிடிக்கிறாங்க, நேரா பேங்க்-இன் பண்ணுங்க, 1,380க்கு முடிச்சுத் தரேன்" என்றான். இதற்கே நான் விலகியிருக்க வேண்டும். விலகத்தான் நினைத்தேன். ஆனால் வீடியோ காலில் வந்தான்.

அந்த இருபது நிமிஷத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். பின்னால் கோ-பார் மேசை, குச்சிகள் எல்லாம் அழகாக வளைந்து நிற்கின்றன. ஒரு பலகையை எடுத்து விரல் கணுவால் தட்டிக் காட்டினான், கணீரென்று கேட்டது. என்ன பசை போடுறீங்க, மேற்பலகை எத்தனை மில்லி என்று என்னைக் கேட்டான். ரூமில் ஈரப்பதம் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்றும் கேட்டான். டீஹியூமிடிஃபையர் போட்டு 45 சதவீதத்தில் வைக்கிறேன் என்றேன். "அதுதாண்ணே சரி. நம்ம ஊர்க் காத்துல அப்படியே ஒட்டினா, வாங்கினவர் ஏர்கான் ரூமுல வச்சதும் பலகை சுருங்கி வெடிச்சிடும்" என்றான். உண்மையான பேச்சு. வேலை தெரிந்தவன்தான் அப்படிப் பேசுவான். அப்புறம் அவனுடைய தாத்தாவும் லூனாஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் என்றான். என் தாத்தாவும் அதே வேலைதான். இந்தப் பக்கத்தில் கிட்டார் மரத்தைப் பற்றிப் பேச எனக்கு ஆளே கிடையாது, அவனுடைய பேச்சு எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. போனை வைத்த ஐந்தாவது நிமிஷம் 1,380 வெள்ளியையும் அனுப்பிவிட்டேன்.

பார்சல் வர பத்தொன்பது நாள். முதலில் டிஷ்ஷை எடுத்தேன். 28 அடி ரேடியஸ், 60 சென்டிமீட்டர் வட்டம் என்றால் நடுவில் ஐந்து மில்லிக்குச் சற்று மேல் ஆழம் இருக்க வேண்டும். இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து அடியில் டிரில் பிட்டை நுழைத்துப் பார்த்தேன், 2 மில்லி பிட் கூட நுழையவில்லை. ஸ்பூல் 32 சொன்னான், எண்ணினால் 28. கார்க் இல்லை, மெல்லிய ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தது. ஃபைபர் குச்சிகள் ஒன்றுக்கொன்று இரண்டு சென்டிமீட்டர் வரை நீள வித்தியாசம். அப்படியிருந்தால் ஒன்று பிரேஸை நசுக்கும், ஒன்று சும்மா நிற்கும். முனையில் ரப்பர் மூடிகூட இல்லை.

கூப்பிட்டேன். "சாரிண்ணே, பேக் பண்ற பையன் மாத்தி வச்சிட்டான். டிஷ்ஷும் மிச்ச நாலு ஸ்பூலும் அடுத்த வாரம் அனுப்புறேன். ஸ்பூல் நல்ல சாமான், நீங்க யூஸ் பண்ணுங்க" என்றான். நம்பினேன். சுங்கைப்பட்டாணியில் தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கும் ஒரு தங்கைக்கு இந்த மாசக் கடைசியில் கிட்டார் தருவதாகச் சொல்லியிருந்தேன், அந்த அவசரமும் சேர்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மேற்பலகையை ஒட்டினேன். பசை இல்லாமல் ஒருமுறை முழுவதும் மாட்டிப் பார்த்தேன், பிடித்தது. சரி என்று பக்கப்பலகையின் உள்விளிம்பில் ஓடும் லைனிங் பட்டையில் பசை தடவி, பலகையை வைத்து, கழுத்துப் பக்கமிருந்து இறுக்க ஆரம்பித்தேன். இந்த வெப்பத்தில் ஐந்து நிமிஷத்துக்குள் எல்லாம் உட்கார்ந்துவிட வேண்டும். ஒன்பதாவது ஸ்பூலில் விங் நட் திடீரென்று இலகுவாகச் சுற்றியது. மரை போய்விட்டது. அதைக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் பதினொன்று, பதினான்கு, அப்புறம் இடுப்பு வளைவில் வரிசையாக மூன்று. போல்டின் மரை வெண்ணெய் மாதிரி வழித்துக்கொண்டு வருகிறது, விரலில் இரும்புத்தூள். பழைய டியூப்பைத் தேடி ஓடி எடுத்து வருவதற்குள் பசையின் மேல் ஆடை படிந்துவிட்டது.

மறுநாள் கழற்றினேன். பிதுங்கிய பசையில் ஸ்பாஞ்ச் ஒட்டிக்கொண்டிருந்தது, இழுத்தபோது ஸ்ப்ரூஸின் நார் ஒரு நக அகலத்துக்கு அதோடு வந்துவிட்டது. ஸ்பாஞ்ச் நழுவிய இரண்டு இடத்தில் கட்டையின் விளிம்பு பலகையில் பிறைநிலா மாதிரிப் பதிந்திருக்கிறது. இடுப்பில் காகிதத்தை மூன்றாக மடித்து நுழைத்தாலும் போகிறது. சூடு காட்டிப் பலகையைக் கழற்றத்தான் வேண்டும், கழற்றினால் இந்தப் பலகை இந்தக் கிட்டாருக்கு ஆகாது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த மரம், அதன் விலையை அந்த 1,380 வெள்ளியில் நான் சேர்க்கவில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் சாக்கு. முதல் நாள், "நீங்க ஓவரா இறுக்கிட்டீங்கண்ணே". விரலால் இறுக்கும் விங் நட்டை எவ்வளவு ஓவராக இறுக்க முடியும்? இரண்டாம் நாள், பசை சரியில்லை என்றான். மூன்றாம் நாள், சப்ளையரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். "அண்ணே" போய் "மிஸ்டர்" வந்தது. நேற்று, 1,380 வெள்ளியைத் திருப்பித் தா தம்பி, இல்லாவிட்டால் போலீஸுக்குப் போவேன் என்று எழுதினேன். நீல டிக் விழுந்தது, படம் மறைந்தது.

ஆன்லைன் சந்தையில் புகார் கொடுத்தேன். பணம் எங்கள் வழியாக வரவில்லை, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று மூன்று வரிப் பதில். பேங்கில், நீங்களே விரும்பி அனுப்பிய பணம் என்றார்கள். இன்று காலை போலீஸ் ரிப்போர்ட் செய்துவிட்டேன். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டினால் 50,000 வெள்ளி வரைக்கும் வழக்குப் போடலாம், ஆனால் யார் மேல் போடுவது? என்னிடம் இருப்பது ஒரு அக்கவுண்ட் பெயரும், செத்துப்போன ஒரு நம்பரும்தான். கூரியர் சீட்டில் இருந்த முகவரி பார்சல் எடுக்கும் கடை.

என்ன செய்யணும் என்று நீளமாக எழுத நினைத்தேன், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. ஆன்லைன் சந்தைக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். அனுப்புவதற்கு முன் அக்கவுண்ட் நம்பரை, மோசடிப் புகார் உள்ள அக்கவுண்டா என்று காட்டும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள், நான் பார்க்கவில்லை. ஏமாந்தது தெரிந்த உடனே மோசடிப் புகாருக்கான 997 நம்பருக்குக் கூப்பிடுங்கள், என்னைப் போல நாள்கணக்கில் அவனிடம் கெஞ்சிக்கொண்டிருக்காதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். புது கிளாம்ப்பை வேண்டாத கட்டையில், பசை போட்டு, முழு இறுக்கு இறுக்கிப் பாருங்கள், பசையில்லாமல் மாட்டிப் பார்த்தது எனக்குப் போதவில்லை.

தோட்டத்துக் கதை பேசி, கோ-பார் மேசையைக் காட்டி, 1,560 சொல்லி 1,380க்கு இறங்கி வரும் ஆள் யாரிடமாவது பேசியிருந்தால் அந்த மெசேஜ்களை அழிக்காதீர்கள், எனக்கு அனுப்புங்கள். ரிப்போர்ட்டோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.