பென்சில் படங்களை ஸ்கேன் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

மியான்மரின் யங்கோனில் (ரங்கூனில்) பென்சில் படத்தை ஸ்கேன் செய்து, கோடுகளைக் கறுப்பாக்கி, கம்ப்யூட்டரில் வண்ணம் தீட்டத் தயாராகத் தருகிறோம் என்று சொல்லும் கடைகளில் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டால் கொடுக்காதீர்கள். நான் பட்டதைச் சொல்கிறேன்.

கோயிலில் மாலைத் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்காக ஒரு படப் புத்தகம் வரைந்திருந்தேன். அனோரத்தா சாலைக் காளி கோயில் கோபுரம், கன்னத்தில் தனாக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசிய பாட்டி, மொகிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸ் விற்கும் அக்கா என்று எல்லாம் அவர்கள் தினமும் பார்ப்பவைதான். கடைக்காரர் நம் தமிழர். "ஒவ்வொரு கோட்டையும் கையாலயே சரிபார்த்துத் தர்றோம்மா" என்று வாக்குக் கொடுத்துத்தான் பணத்தை வாங்கினார்.

வந்த ஃபைலைப் பெரிதாக்கிப் பார்த்தால் வயிறு எரிகிறது. பாட்டியின் நெற்றிச் சுருக்கங்கள் காணோம். கோபுரத்துப் பொம்மைகளுக்கு முகமே இல்லை. மிஞ்சிய கோடுகளும் படிக்கட்டு மாதிரி வெட்டு வெட்டாக நிற்கின்றன. கையால் எதையும் தொடவில்லை. கம்ப்யூட்டரில் படத்தை வெறும் கறுப்பு வெள்ளையாக்கும் திரெஷோல்ட் என்ற கட்டளையை ஒரு தட்டுத் தட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அது சாம்பல் நிறத்தை விட்டுவைக்காது. ஒரு அளவுக்கு மேல் வெளிறியதெல்லாம் வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு. கோடு நடுவில் அறுந்துபோனதால், சேலையில் வண்ணத்தை ஊற்றினால் பக்கம் முழுக்கப் பரவுகிறது.

300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) என்று எழுதிக் கொடுத்ததும் பொய். ஏ4 தாளை அந்த அளவில் ஸ்கேன் செய்தால் 2480க்கு 3508 பிக்சல் வரவேண்டும். எனக்கு வந்தது 1240க்கு 1754, அதாவது 150தான். அதையும் ஜேபெக் என்ற, அளவைச் சுருக்கும் ஃபைல் வகையில் அழுத்திச் சேமித்திருந்ததால் கோட்டைச் சுற்றி அழுக்குப் புள்ளிகள் வேறு.

கேட்டதற்கு, "பென்சில் ரொம்ப வெளிறியிருந்துச்சு" என்று பழியை என் படத்தின் மேல் போட்டார். "சரி அண்ணே, முதலில் எடுத்த ஸ்கேனையாவது கொடுங்கள், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். அதெல்லாம் அழித்தாயிற்றாம். பணமும் திரும்பி வரவில்லை.

வெளிறிய பென்சில் ஒரு சாக்கே இல்லை. கிரேஸ்கேலில் (சாம்பல் நிறச் சாயல்களோடு) 300 அல்லது 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, வெளிச்சத்தையும் இருட்டையும் சரிசெய்யும் லெவல்ஸ் என்ற கருவியில் கறுப்பு முள்ளை வலப்பக்கமும் வெள்ளை முள்ளை இடப்பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் தாள் வெளுக்கும், கோடு கறுக்கும், ஓரத்துச் சாம்பலும் நிற்கும். அந்த லேயரை (படத்தின் ஒரு அடுக்கை) மல்டிப்ளையில், அதாவது வெள்ளை மறைந்து கோடு மட்டும் தெரியும் முறையில் வைத்து, அடியில் இன்னொரு லேயரில் வண்ணம் தீட்டலாம். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப், கிரிட்டா என்ற மென்பொருள்கள் இரண்டிலும் இது முடியும். இதைக்கூடச் செய்யாதவர்கள் கைவேலை என்று சொல்லிக் காசு வாங்குவது ஏமாற்றுதான்.

எந்தக் கடையானாலும் முதலில் ஒரே ஒரு படத்தைக் கொடுத்துப் பாருங்கள். திருத்தாத ஸ்கேனையும் படத்தைக் கெடுக்காமல் சேமிக்கும் பிஎன்ஜி அல்லது டிஃப் ஃபைலாகக் கேளுங்கள். பிக்சல் கணக்கை அங்கேயே பார்த்துவிட்டு, அப்புறம் மீதிப் பணத்தைக் கொடுங்கள். இந்த வேலையை ஒழுங்காகச் செய்யும் இடம் யாருக்காவது தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், பிள்ளைகள் புத்தகத்துக்குக் காத்திருக்கிறார்கள்.