பெய்லிஃப் (பாக்கி வசூல்) கம்பெனிக்கு ஒரு நட்சத்திரம், அதுவும் பூஜ்யம் போட வழியில்லாததால்

கவுன்சில் டாக்ஸ், அதாவது இங்கிலாந்தில் வீட்டுக்காக உள்ளாட்சிக்குக் கட்டும் வரி, கட்டாமல் விட்டது என் தப்புதான், மறைக்கவில்லை. 2023ல் வேலை போனது, தவணை நின்றது, நீதிமன்ற உத்தரவோடு பாக்கி ஒரு பெய்லிஃப் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. முதல் கடிதத்துக்கே 75 பவுண்ட். மாதாமாதம் கட்டுகிறேன் என்று சொல்ல நான்கு தடவை போன் போட்டேன், ஒவ்வொரு தடவையும் இருபது நிமிஷம் பாட்டு, அப்புறம் லைன் கட். அதற்குள் ஆள் வாசலுக்கே வந்துவிட்டார், வந்ததற்கு இன்னொரு 235.

திறக்காவிட்டால் பூட்டை உடைப்பாராம். சுத்தப் பொய்! இங்கிலாந்தில் இந்தப் பாக்கிக்காக முதல் தடவை வருகிறவர் பலவந்தமாக உள்ளே நுழைய முடியாது, நாமாக விட்டால்தான் உண்டு. தபால் துளை வழியாகத்தான் பேசினேன், பளபளவென்று அவர் ஷூ மட்டும் தெரிந்தது. ஆனால் வெளியே நிற்கும் காரில் கை வைக்கலாம், அதனால் என் பழைய டொயோட்டா முந்தின இரவே நண்பர் வீட்டுக்குப் போயிருந்தது.

கடைசியில் காப்பாற்றியது ஸ்டெப்சேஞ்ச், காசு வாங்காத கடன் ஆலோசனை. அவர்கள் மூலம் 'பிரீதிங் ஸ்பேஸ்', அதாவது வசூலை நிறுத்திவைக்கும் சட்டப்படியான அவகாசம், கிடைத்தது, 60 நாள் யாரும் கதவைத் தட்டவில்லை. இவர்களுக்கு ஐந்து நட்சத்திரம். முதல் கடிதம் வந்த அன்றே கூப்பிட்டிருந்தால் அந்த 235 மிச்சம்.