கொசுவிரட்டிச் செடிகளோடு ஆறு வருடம்

2018 ஐப்பசியில் என் மகளுக்கு டெங்கு வந்தது. அப்போது அவளுக்கு ஐந்து வயது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். தட்டணு எவ்வளவு, ஏறியதா இறங்கியதா என்று ரிப்போர்ட்டைப் பார்த்துப் பார்த்தே அந்த நாட்கள் போயின. வீடு திரும்பியதும், இனி இந்த வாசலுக்குள் ஒரு கொசுகூட வரக்கூடாது என்ற வைராக்கியத்தில்தான் செடி வாங்கக் கிளம்பினேன். மடிப்பாக்கத்தில் தனி வீடு. முன்னால் பத்தடிக்கு மண் தரை, மேலே மொட்டை மாடி. 2019 தையில் ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிவிட்டது. அன்று நான் தேடிய பதில்கள் அன்றே கிடைத்திருந்தால் முதல் இரண்டு வருடம் வீணாகியிருக்காது. அதனால் எழுதுகிறேன்.

முதல் சுற்றில் துளசி, திருநீற்றுப்பச்சிலை, புதினா, கற்பூரவள்ளி, எலுமிச்சைப்புல், துலுக்கச் சாமந்தி, லாவெண்டர், ரோஸ்மேரி எல்லாம் வாங்கினேன். இவற்றோடு 'கொசுச்செடி' என்று பெயர் சொல்லி ஒரு நர்சரியில் 250 ரூபாய்க்கு விற்ற ஒன்றும் வந்தது. அதன் இலையைத் தொட்டால் எலுமிச்சை வாசனை அடிக்கும். உண்மையில் அது ஜெரேனியம் வகை. கொசுவை விரட்டப் பூசுகிற சிட்ரோனெல்லா எண்ணெய் எடுக்கிற புல்லுக்கும் அதற்கும் உறவே இல்லை. அதைப் பக்கத்தில் வைத்தாலும் கொசு கடிப்பது குறையவில்லை என்று ஆய்வுகளே சொல்கின்றன. எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. சித்திரை வெயிலில் செடி கருகிப்போனது. லாவெண்டரும் ரோஸ்மேரியும் ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு ஏற்றவை. சென்னை மாடியில் லாவெண்டர் ஆடி வரைகூடத் தாங்கவில்லை, ரோஸ்மேரி ஒரு மழையில் வேர் அழுகிச் செத்தது. சென்னையில் இருப்பவர்கள் இந்த மூன்றுக்கும் காசு செலவழிக்க வேண்டாம்.

மீதிச் செடிகள் செழித்தன. கொசு குறையவில்லை. மாலையில் தொட்டிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன், கடித்தது. மாடியின் மறு மூலையில், ஒரு செடிகூட இல்லாத இடத்தில் உட்கார்ந்தேன், அங்கேயும் அதே அளவுதான் கடித்தது. காரணம் புரிய நாளானது. இந்தச் செடிகளின் வாசனை எண்ணெய் இலையில் நுண்ணிய பைகளில் அடைபட்டுக் கிடக்கிறது. இலை நசுங்கினால்தான் அது வெளியே வரும். செடி சும்மா நிற்கும்போது காற்றில் கலப்பது மிகக் கொஞ்சம், கொசுவை அது ஒன்றும் செய்வதில்லை. போதாததற்கு, அடர்ந்து வளர்ந்த புல் தூரும் புதினாப் புதரும் நிழலும் ஈரமுமாக இருப்பதால், பகலில் கொசு ஒதுங்குவதற்கும் அதுவே வசதியான இடம்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி அந்த வருடம் ஆனியில். மாடித் தரை கறைபடக்கூடாது என்று ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் பிளாஸ்டிக் தட்டு வைத்திருந்தேன். ஒருநாள் கற்பூரவள்ளித் தொட்டியை நகர்த்தியபோது தட்டில் ஒரு விரல்கடை உயரத்துக்குத் தண்ணீர். டார்ச் அடித்துப் பார்த்தேன். நீர்ப்பரப்பிலிருந்து தலைகீழாக, சற்றே சாய்ந்து, நூல் துண்டு மாதிரி இருபது முப்பது புழுக்கள் தொங்கிக்கொண்டிருந்தன. என் கை நிழல் விழுந்ததும் அத்தனையும் நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கின. சற்று அசையாமல் நின்றேன், ஒவ்வொன்றாக மேலே வந்து மறுபடி தொங்கின. மற்ற தட்டுகளையும் தூக்கிப் பார்த்தேன். பதினொன்றில் ஏழில் புழு. மகளைக் காப்பாற்ற என்று வாங்கிய செடிகளின் காலடியிலேயே கொசு பிறந்துகொண்டிருந்தது. அன்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நாம் பிடித்துவைக்கிற தெளிந்த நீரில்தான் அது முட்டையிடும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் கறுப்புப் பொடி தூவினாற்போல் ஒட்டிவைக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். அந்த முட்டை காய்ந்த நிலையிலேயே பல மாதம் கிடக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் கொட்டினால் மட்டும் போதாது, தேங்காய் நார் போட்டு உட்புறத்தை அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை தேய்த்தால் சங்கிலி அறுந்துவிடும். எங்கள் வீட்டில் அது ஞாயிற்றுக்கிழமை வேலை. தட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். தொட்டிகள் இப்போது இரண்டு செங்கல் மேல் நிற்கின்றன, வடியும் நீர் நேரே ஓடிவிடும்.

2019 கோடை சென்னைக்காரர்கள் மறக்கக்கூடியது இல்லை. ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்காக வீட்டுக்கு வீடு டிரம் நிரப்பி வைத்த வருடம். எங்களிடம் நான்கு டிரம். மூடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் கொசு உள்ளே போய்விடும். பழைய வேட்டியை இரண்டாக மடித்து வாயில் கட்டி, அதன்மேல் மூடி போட ஆரம்பித்த பிறகு டிரம்மில் புழு இல்லை. அல்லி வைத்த தொட்டியில் மட்டும் தண்ணீரை மாற்ற முடியாது. அதில் ஆறு கப்பி மீன் விட்டேன். இன்று வரை அதில் ஒரு புழுகூடக் கண்ணில் பட்டதில்லை.

நொச்சிக்கு வருகிறேன். இந்த ஆறு வருடத்தில் என் மனசுக்கு மிக நெருக்கமானது இதுதான். என் மாமியார் மன்னார்குடிப் பக்கம். 2020 தொடக்கத்தில் எங்களோடு வந்து தங்கினார். செடிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வச்சிருக்கே, நொச்சி எங்கம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். 2014-இல் சென்னை மாநகராட்சி கொசுவுக்காக வீடுகளுக்கு நொச்சிக் கன்று கொடுத்தது. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் அப்படி வளர்ந்த புதர் இருந்தது. கேட்டு, சுண்டுவிரல் பருமனில் இரண்டு போத்து வெட்டி வந்து காம்பவுண்டு ஓரம் நட்டோம். தண்ணீர் தேங்கினாலும் தாங்கும், காய்ந்தாலும் தாங்கும், ஆடு மாடு வாய் வைக்காது. அதனால்தான் ஊரில் வேலிக்கு அதை வைக்கிறார்கள். ஒன்றரை வருடத்தில் சுவருக்கு மேல் எழும்பி ஊதாப் பூ பூத்தது.

அத்தை புகைமூட்டம் போடுகிற விதத்தைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். உடைந்த மண்சட்டியில் முதலில் தேங்காய் நார், அதன்மேல் வறட்டித் துண்டு இரண்டு. நன்றாகக் கனன்று தணல் ஆன பிறகுதான் இலை. காய்ந்த இலை போட்டால் குப்பென்று எரிந்து போய்விடும். பச்சை நொச்சி ஒரு கை, வேப்பிலை அரைக் கை, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. "தீ எரியக்கூடாதும்மா, பொகையணும்" என்பார். ஊரில் மாட்டுக் கொட்டிலில் தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் இதைத்தான் போடுவார்களாம். முழுப் புகையும் அடங்க அரை மணி ஆகும். அதன்பின் ஒரு மணி நேரம், காற்று இல்லாத நாளில் ஒன்றரை மணி நேரம்கூட, வாசலில் நிம்மதியாக உட்காரலாம். செடிகளை வைத்து எனக்குக் கண்ணெதிரே கிடைத்த முதல் பலன் அதுதான்.

ஆனால் இயற்கைப் புகையும் புகைதான். ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. நொச்சிப் புகையை நெஞ்சு நிறைய இழுத்தால் அது மட்டும் நல்லதாகிவிடாது. என் கணவருக்கு வீசிங் உண்டு. ஆகவே சட்டி வாசலைத் தாண்டி உள்ளே வராது, அவர் வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் போடுவோம். இன்னொன்று, மூட்டம் அந்திக்குப் பிறகு வரும் க்யூலெக்ஸ் கொசுவுக்குத்தான் உதவுகிறது. ஏடிஸ் கடிப்பது பகலில், காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்னாலும். பிள்ளை பள்ளி வேனுக்கு நிற்கிற நேரத்துக்கு மூட்டம் உதவாது.

அந்த நேரத்துக்கு எலுமிச்சைப்புல். ஐந்தாறு தாளைக் கத்தரித்து, துண்டாக்கி, நொச்சி இலையோடு தேங்காய் எண்ணெயில் சின்னத் தீயில் காய்ச்சி வடிகட்டி வைத்துக்கொள்கிறேன். கணுக்காலிலும் முழங்கைக்குக் கீழேயும் தடவினால் நாற்பது நிமிடம் வரை தாங்குகிறது, வியர்த்தால் அதுவும் இல்லை. புதிதாகச் செய்பவர்கள் முதலில் கையில் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் பாருங்கள். கைக்குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். மணிக்கணக்கில் பாதுகாப்பு வேண்டும் என்றால், தாவர வழியில் வந்தவற்றில் ஆய்வுகள் உறுதியாகச் சொல்வது எலுமிச்சை மணமுள்ள யூகலிப்டஸிலிருந்து பிரித்தெடுத்த பிஎம்டி என்ற பொருளை. நாம் ஊட்டியில் வாங்கும் நீலகிரித் தைலம் அது அல்ல. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதையும் பூசக்கூடாது.

துலுக்கச் சாமந்தியைப் பற்றி ஒரு வார்த்தை. கொசு மருந்துக்கு மூலமான பைரித்ரம் சாமந்தியிலிருந்து வருகிறது என்று கேள்விப்பட்டுத்தான் வைத்தேன். அது வெள்ளைப் பூ பூக்கும் வேறொரு சாமந்தி வகை, நாம் மாலை கட்டுகிற பூ அது அல்ல. ஆனாலும் விடவில்லை. அதன் வேர் மண்ணில் நூற்புழுவைக் குறைக்கும் என்பதால் தக்காளித் தொட்டிகளுக்கு இடையே வைக்கிறேன். துளசி பூஜைக்கும் இருமலுக்கும். புதினா துவையலுக்கு. கொசுவுக்காக என்று இவற்றை வாங்க வேண்டாம், இவற்றுக்காகவே வாங்குங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எங்கள் தெருவில் இடுப்பளவு நின்றது. வடிந்த பிறகு பக்கத்துக் காலி மனைகளில் தேங்கிய நீரிலிருந்து வந்த கொசுவை எந்தச் செடியாலும், எந்த மூட்டத்தாலும் சமாளிக்க முடியவில்லை. ஜன்னலுக்கு அடித்த வலையும் கட்டிலுக்குக் கட்டிய வலையும்தான் அந்த இரண்டு மாதம் எங்களைக் காத்தன. நொச்சி மட்டும் நான்கு நாள் நீரில் நின்றும் ஓர் இலைகூட வாடாமல் இருந்தது.

இந்தத் தையில் அதைக் கவாத்து செய்தபோது எதிர்வீட்டு அக்கா வந்து, கொசுவுக்கு என்று நான்கு போத்து கேட்டார். கணு மூன்று மண்ணுக்குள் இருக்கும்படி, சாய்வாக நடச் சொன்னேன். இடமில்லை, தொட்டியில்தான் வைக்கப்போகிறேன் என்றார். "தாராளமா வைங்கக்கா, அடியில தட்டு மட்டும் வேண்டாம்" என்று சொல்லி, எங்கள் மாடியிலிருந்து எட்டுச் செங்கல் எடுத்துப்போய்க் கொடுத்தேன்.