அங்கோர் வாட்: “ஒரே நாளில் எல்லாக் கோயிலும்” என்றால் உஷார்

கம்போடியாவில் அங்கோர் கோயில்களுக்குப் பக்கத்து ஊரான சியம் ரீப் போய் இறங்கியதுமே டுக்டுக் (ஆட்டோ போன்ற வண்டி) ஓட்டுபவரோ விடுதி வரவேற்பறையோ “ஒரே நாள், எல்லாக் கோயிலும்” என்று ஒரு தொகை சொல்வார்கள். குறைவாகத்தான் இருக்கும். சாயங்காலம் இறக்கிவிடும்போது கணக்கு மாறும்: சூரிய உதயத்துக்கு விடியற்காலையில் வந்ததற்குத் தனி, பெரிய சுற்றுக்குத் தனி, முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் பந்தேய் ஸ்ரே கோயிலுக்குத் தனி.

இதில் பாதி ஏமாற்று, பாதி நாம் கேட்காமல் விட்டது. அங்கே “சின்னச் சுற்று” என்றால் அங்கோர் வாட், அங்கோர் தோம், தா ப்ரோம் பக்கம் மட்டும். ப்ரியா கான், நியாக் பியன், ப்ரே ரூப் எல்லாம் “பெரிய சுற்று”. கோயில் பெயர்களையும் கிளம்பும் நேரத்தையும் மொத்தத் தொகையையும் ஒரு தாளில் எழுதி, வண்டி எண்ணோடு சேர்த்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பணம் முழுவதையும் கடைசியில்தான் கொடுக்க வேண்டும்.

காசை விடப் பெரிய நஷ்டம் நேரம். கோயிலுக்கு அரை மணி, பிறகு கமிஷன் வரும் சாப்பாட்டுக் கடையில் ஒரு மணி. அங்கோர் வாட்டின் கிழக்குச் சுவரில் பாற்கடல் கடையும் சிற்பம் மட்டுமே ஏறத்தாழ 49 மீட்டர் நீளம். அதற்கே அரை மணி போதாது. டிக்கெட் ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் டிக்கெட்டைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டியதில்லை, 10 நாளுக்குள் ஏதாவது மூன்று நாள் போகலாம். வண்டி பேசுபவர் இதைச் சொல்லவே மாட்டார்.

“மீதி நாள் இருக்கிற டிக்கெட், பாதி விலை” என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். டிக்கெட்டில் வாங்கியவரின் படம் இருக்கும், கோயில் வாசலில் பார்ப்பார்கள். அதிகாரபூர்வ கவுன்ட்டரிலோ அதிகாரபூர்வ இணையதளத்திலோ வாங்குங்கள்.

உள்ளே போனால் ஊதுபத்தி. சிலை முன்னால் உட்கார்ந்திருப்பவர் கையில் திணித்து, மணிக்கட்டில் கயிறும் கட்டிவிட்டு, பெரிய நோட்டுகள் அடுக்கிய தட்டைக் காட்டுவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பதே நல்லது. சீருடைக்காரர் தானாக வந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்தாலும் கடைசியில் காசுதான். கடையில் கிழிந்த டாலர் நோட்டைச் சில்லறையாகத் தந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். வேறு யாரும் வாங்க மாட்டார்கள்.

அங்கோர் வாட்டின் உச்சித் தளம் பௌத்த விரத நாட்களில் மூடியிருக்கும். பேக்கேஜ் விற்பவர் அதையும் மறைப்பார். நம் வீட்டு காலண்டரே போதும்: அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அஷ்டமி, ஒரு நாள் முன்பின் ஆகலாம். மற்ற நாட்களிலும் தோளும் முழங்காலும் மூடியிருந்தால்தான் ஏற விடுவார்கள், மேலே சால்வை போர்த்தினால் செல்லாது.

இன்னொன்று: தா ப்ரோம், ப்ரியா கான் இரண்டிலும் ஒரு வாசலில் நுழைந்து எதிர்வாசலில் வெளியே வரலாம். வண்டி எந்த வாசலில் நிற்கும் என்று இறங்குமுன் கேட்டுவிடுங்கள். கேட்காவிட்டால் உச்சி வெயிலில் கோயில் முழுவதையும் திரும்ப நடக்க வேண்டும்.